தலைவர் குடித்த காப்பி

கார்மேகத்துக்குப் பயம் வந்தால் உள்ளங்கால் வியர்க்கும். மற்றவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், நாக்கு உலரும். இவருக்குச் செருப்பு வழுக்கும். அரபு நாட்டில், சலாலாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த மனிதர், வார் அறுந்து தூக்கிப் போட்ட செருப்புகளைக் குவித்தால் ஒரு கடையே வைக்கலாம் என்று அவர் மனைவி நாகவள்ளி கேலி செய்வாள். கேலி செய்தாளே தவிர, அவளுக்கும் அதே பயம்தான்.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. கரிசல் காட்டு ஊரான ஆனையூரணியிலிருந்து எண்பத்து மூன்றில் தோட்ட வேலைக்கென்று விமானம் ஏறியவர் அவர். இறங்கிய பிறகுதான் தோட்டமும் இல்லை, துரவும் இல்லை, மலையடிவாரத்தில் ஓர் ஆட்டு மந்தைதான் தனக்கு விதித்தது என்று தெரிந்தது. பேச்சுத் துணைக்கு ஆடுகளும் ஆட்டுக்கார மலைவாசிகளும்தான். அவர்களோடு கிடந்து கிடந்து, அரபி வாயில் ஏறும் முன்பே மலைக்காரர்களின் ஜிபாலி மொழி ஏறிவிட்டது. பிறகு ஆட்டிலிருந்து மாட்டுக்கு மாற்றினார்கள். ஆனி ஆடியில் சலாலா மலையில் சாரல் விழும், புல் முளைக்கும், மூடுபனி இறங்கி ரோட்டை மறைக்கும். அந்தப் பச்சை தீர்ந்தால் மாட்டுக்குக் காய்ந்த சாளை மீன்தான் தீவனம். மாடு மீன் தின்பதைப் பார்த்த முதல் நாள் கார்மேகம் சோறு இறங்காமல் படுத்துக்கொண்டார். போகப் போக மீன் மூட்டையை மோந்து பார்த்தே நல்லது கெட்டது சொல்லும் ஆளாகிவிட்டார்.

2002-ல் புயல் அடித்தபோது வாதி என்கிற மலை ஓடையில் வெள்ளம் வரும் முன்பே கட்டுத்தறிகளை அவிழ்த்து, மாடுகளை மேட்டுக்கு விரட்டிவிட்டார். பக்கத்துப் பண்ணைகளில் மாடுகள் செத்து மிதந்தன. ஊரே இவர் தைரியத்தைப் பேசியது. உண்மையில், மாடு செத்தால் தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் செய்த காரியம் அது. கஃபீல் சுஹைல், விசா கொடுத்த பண்ணை முதலாளி, மறுநாள் வந்து, "கரீம், இனி பண்ணை உன் பொறுப்பு" என்று சொல்லித் தோளைத் தட்டினார். கார்மேகம் என்ற பெயர் சுஹைலின் வாயில் கடைசி வரைக்கும் நுழையவில்லை.

பொறுப்பு வந்தது, உரிமை வரவில்லை. மாடு, கொட்டகை, பால் வண்டி எல்லாம் சட்டப்படி சுஹைல் பெயரில். அந்த மந்தை மூன்று மடங்கு பெருகியது கார்மேகத்தின் கையால் என்பது மாடுகளுக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டும் சுஹைலின் மேசை இழுப்பறையில். சுஹைல் கெட்டவர் இல்லை; நாகவள்ளியை விசா போட்டு வரவழைத்து, பெருநாளைக்கு அவளுக்குப் புடவைத் துணியும் கொடுத்தனுப்புகிற மனிதர். ஆனால் நல்லவரின் கோபத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. கெட்டவனிடம் என்ன வரும் என்றாவது தெரியும்.

இப்படிப்பட்டவரைத்தான் சலாலா தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். துறைமுக ஆபீஸ்காரர்கள் ஒரு கோஷ்டி, லேபர் கேம்பில் தங்கும் தொழிலாளிகள் ஒரு கோஷ்டி. எந்தப் பக்கத்து ஆளை நிறுத்தினாலும் எதிர்ப்பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிவிடும். யாருக்கும் வேண்டாதவராக இல்லாத ஒரே ஆள் மாட்டுக்காரக் கார்மேகம்தான் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. அவரும் வேண்டாம் வேண்டாம் என்றார். மாலை கழுத்தில் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டார். பொங்கல் விழா மேடையில் மைக்கைப் பிடித்து, "உங்கள்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா மொத ஆளா நான் வந்து நிப்பேன்" என்று சொன்னார். கைதட்டல் அடங்க நேரமானது. அந்தக் கைதட்டல் அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஒருத்தருக்கு ஒன்று நடந்தது 2005 ஆடியில். தண்ணீர் டேங்கர் ஓட்டும் அய்யப்பன், மலை ரோட்டில் மூடுபனிக்குள் வரும்போது, மாட்டை ஓட்டிக்கொண்டு குறுக்கே வந்த மலைக்காரக் கிழவர் ஒருவர்மேல் வண்டியை ஏற்றிவிட்டான். கிழவர் அங்கேயே போய்விட்டார். அய்யப்பன் ஓடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்து கொண்டுபோனது. செத்தவரின் குடும்பம் மன்னித்தோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தண்டனை சுருங்கும், சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் எத்தனை காலம் உள்ளே கிடப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் வக்கீல்.

அய்யப்பனின் மனைவி தாமரை ஊரிலிருந்து போன் செய்தாள். அழவில்லை. "அண்ணே, நீங்கதான் தலைவராமே. அவுகளுக்காக நீங்க போயிப் பேசுவீகன்னு எல்லாரும் சொல்றாக" என்றாள். கார்மேகம் சரிம்மா என்றார். போனை வைத்த பிறகு ஆற அமரத்தான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நம் ஆட்கள் கூட்டம் போட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. செத்தவரின் மகன் முசல்லமிடம் தலைவர் என்ன பேச வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அய்யப்பனின் ஏழ்மையைச் சொல்லலாம் என்றார் ஒருவர். இரு நாட்டு நட்பில் தொடங்கலாம் என்றார் இன்னொருவர். செயலாளர் சீதாராமன், துறைமுகக் கம்பெனியில் கணக்கு அதிகாரி, திருச்சிக்காரர், எல்லாவற்றையும் கோத்து நல்லதொரு சொற்பொழிவே தயார் செய்துவிட்டார். கார்மேகம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பேச்சே தேவையில்லை என்று அவருக்கு மட்டும் தெரியும்.

மலையில் வழக்கம் வேறு. ஒரு காரியம் கேட்டு ஒரு வீட்டுக்குப் போகிறவன் முதலில் மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், உட்காருவான். வீட்டுக்காரர் சின்னக் கோப்பையில் காப்பி ஊற்றிக் கையில் கொடுப்பார். வந்தவன் அதைக் குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்துவிட வேண்டும். வைத்தாலே புரிந்துகொள்வார்கள், எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பான். குடித்துவிட்டானென்றால் அவன் வெறும் விருந்தாளி. அதற்குப் பிறகு அந்தக் காரியத்தை அவன் அந்த வீட்டில் எடுக்க முடியாது. வந்தவன் குடிக்காமல் எழுந்து போனால் அது வீட்டுக்கே அவமானம். ஆகவே பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

இவ்வளவு சுலபமென்றால் பயம் எங்கே வந்தது? சுஹைலிடமிருந்து வந்தது. விஷயம் அவர் காதுக்குப் போய், பண்ணைக்கே வந்துவிட்டார். கன்றுக்குட்டி ஒன்றின் காதைத் தடவிக்கொண்டே பேசினார்.

"கரீம், நீ என் ஆள். நீ அந்த வீட்ல கோப்பையைக் கீழே வச்சா, நான் வச்ச மாதிரி. அவங்க குடுத்துட்டா, நான் அவங்களுக்குக் கட்டுப்பட்டவன். அவங்களோட எனக்கு மேய்ச்சல் நிலத் தகராறு இன்னும் முடியலை. நாளைக்கு அவங்க என் முன்னால கோப்பையை வச்சு அந்த நிலத்தைக் கேட்டா, நான் என்ன செய்வேன்?"

கார்மேகம் தீவனத் தொட்டியைக் கிளறினார்.

"போகாதேன்னு நான் சொல்லலை. போனா, பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டு அப்படியே ஊருக்குப் போயிடு. கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கன்றுக்குட்டி அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனது.

அன்று நாகவள்ளி மீன் குழம்பு வைத்திருந்தாள். கார்மேகம் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"போகாட்டி என்னங்க? உடம்புக்கு முடியலைன்னு படுத்துக்கிடுங்க. அந்த சீதாராமன் சார் போயிட்டு வரட்டும்."

"அவருக்குப் பாஷை தெரியாதே."

"தெரியாட்டி ஒங்களுக்கென்ன? இத்தனை வருசம் சாணி அள்ளுன கையி. ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டுப் போகச் சொல்றாகளே, ஊருல போயி எதை மேய்ப்பீக?"

"தாமரைகிட்ட வாரேன்னு சொல்லிட்டேன் நாகு."

"சொன்னீக. எனக்கும்தான் பாவமா இருக்கு. பயமாவும் இருக்கு." அவள் மீனை எடுத்து முள் நீக்கி அவர் தட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சீதாராமன் தன் காரில் வந்து அழைத்துப் போனார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. மலை வளைவுகளில் ஏற ஏற மூடுபனி கண்ணாடியில் அப்பிக்கொண்டது. எதிரே மாடு வருகிறதா மனிதன் வருகிறானா என்று தெரியவில்லை. அய்யப்பன் வண்டி நின்ற இடம் வந்தபோது சீதாராமன் காரை மெதுவாக்கினார். அடுத்த வளைவில் சீதாராமனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறப்பதற்குள் சட்டையெல்லாம் வீணாகிவிட்டது.

முசல்லமின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "இந்தக் கோலத்துல நான் உள்ள வந்தா மரியாதையா இருக்காது தலைவரே. நீங்க போய்ப் பேசிட்டு வாங்க. பேச்சை ஞாபகம் வச்சிருக்கீங்கள்ல?" என்றார். கார்மேகம் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

உள்ளே மஜ்லிஸில் சுவரோரமாகப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முசல்லம் எழுந்து வந்து கை கொடுத்தான். நாற்பது வயதுக்காரன்; கார்மேகத்திடம் காளைக்கன்று வாங்கிப் போயிருக்கிறான். துக்க வீட்டுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கார்மேகம் ஜிபாலியில் முறையாகச் சொன்னார். குரல் நன்றாகத்தான் வந்தது. இவ்வளவுதான், காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார். அங்கே சுஹைலின் மகன் சயீத் உட்கார்ந்திருந்தான். மரியாதையாகத் தலையசைத்தான். பிறகு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முசல்லம் காப்பி ஊற்றிக் கொடுத்தான். கார்மேகம் வலது கையில் வாங்கிக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோகாமல் கையைக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவே வேலை. கை இறங்கவில்லை. காலடியில் வியர்வை நசநசத்தது. கொட்டகை கண்ணுக்குள் வந்தது, விமான நிலையம் வந்தது, ஆனையூரணியில் கை நீட்டி நிற்கும் நாகவள்ளி வந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள், அது அவருக்கும் தெரிந்தது. இத்தனை வருடம் கொடுத்ததை மறுக்காமல் வாங்கியே பழகிய கை அது. அது தானாக மேலே போனது. குடித்துவிட்டார்.

யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். முசல்லம் ஒரு நொடி அசையாமல் நின்றான். பிறகு வழக்கப்படி மறுபடி ஊற்றினான். கார்மேகம் அதையும் குடித்தார். மழை எப்படி, புல் எப்படி என்று பேச்சு வந்தது. இவரும் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு அவருக்கு நினைவே இல்லை.

வாசல் வரை முசல்லம் கூட வந்தான். செருப்பை மாட்டும்போது தாழ்ந்த குரலில் கேட்டான்: "ஏன் குடிச்சே?"

கார்மேகம் செருப்பு வாரையே இழுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. அந்த டிரைவர் ஓடாம அப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தான்னு போலீஸ் சொன்னாங்க. நீ கோப்பையை வைப்பே, குடுத்துடலாம்னு உட்கார்ந்திருந்தேன்."

"இப்பக் கேக்கறேன் முசல்லம்."

"வாசல்ல நின்னு கேட்டா அது கேக்கறது இல்லை. நீ விருந்தாளியா வந்தே, குடிச்சே, போறே."

"நீங்களா குடுத்துடலாமே."

"கேக்காம குடுத்தா எங்க அப்பா உயிரை ரோட்டுல வீசிட்டுப் போன மாதிரி ஆகும். என் பிள்ளைங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"வேற யாராவது வந்து கேட்டா?"

"கதவு திறந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முசல்லம் உள்ளே போனான்.

வீட்டு வாசலுக்கும் காருக்கும் நடுவில் இருபது முப்பது அடி இருக்கும். அந்த இடத்தைக் கடக்கிறதற்குள் கார்மேகம் பட்ட பாடு கொஞ்சமில்லை. முடியாது என்றுவிட்டார்கள் என்று சொன்னால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. சங்கத்தில் ஐயோ பாவம் என்பார்கள். தலைவர் தன்னால் ஆனதைச் செய்தார் என்று தீர்மானம்கூடப் போடுவார்கள். மாடு இருக்கும், பண்ணை இருக்கும், மாலையும் இருக்கும். அய்யப்பன் மட்டும் உள்ளே இருப்பான்.

சீதாராமன் கண்ணாடியை இறக்கினார். "காப்பியெல்லாம் குடுத்து உபசரிச்சாங்க போல? வாசம் வருது. அப்ப நல்லபடியா முடிஞ்சுது."

"சார், நான் பயந்துட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

கார்மேகம் காரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சுஹைல் சொன்னதை, கோப்பை வழக்கத்தை, சயீத் பார்த்ததை, குடித்ததை. சொல்லச் சொல்ல சீதாராமனின் முகம் மாறியது. கோபம் வந்தது. ஒரு கெட்ட வார்த்தைகூட வந்தது. அந்த மனிதர் வாயில் அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"திட்டுங்க சார். அப்புறமா திட்டுங்க. இப்ப நீங்க உள்ள போங்க. ஒக்காருங்க. காப்பி குடுப்பாக, கீழ வச்சிருங்க. எதுக்குன்னு கேப்பாக. அய்யப்பன்னு மட்டும் சொல்லுங்க."

"இந்தச் சட்டையோடயா? எனக்கு ஒரு வார்த்தை பாஷை தெரியாதேய்யா."

"வேணாம் சார். பாஷையே வேணாம்."

சீதாராமன் இறங்கினார். அந்த நாற்றத்தோடும் கறையோடும் போய், ஜிபாலிக்கும் அரபிக்கும் சம்பந்தமில்லாத ஒரு வணக்கத்தைச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார். கார்மேகம் வெளியே நின்றார். அவருக்கு உள்ளே போக வழியில்லை. மூடுபனி வீட்டை மறைத்தது, காரை மறைத்தது. உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சீதாராமனும் குடித்துவிட்டாரோ, மறந்து தொலைத்தாரோ, தாகத்தில் கை போய்விட்டதோ என்று அவருக்குக் குலை நடுங்கியது. தனக்காக அல்லாமல் இன்னொருவனுக்காகப் பயந்தது அவருக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

சீதாராமன் வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தார். "குடிக்கச் சொல்லிட்டாங்கய்யா" என்றார். "முசல்லம் கண்ணுல தண்ணி. எனக்கு ஒண்ணுமே புரியலை. கையைப் பிடிச்சு அவரே கோப்பையை எடுத்துக் குடுத்தார்."

அய்யப்பன் அந்தப் பருவத்து மூடுபனி விலகுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தான். சங்கத்தில் கார்மேகம் தானாகவே எழுந்து நடந்ததைச் சொல்லி, தலைவர் பதவியை விட்டு விலகினார். அதற்குப் பிறகு அவர் போகிற அறைகளில் டீ டம்ளரை நீட்டும்போது மட்டும் ஒரு கணம் எல்லோருக்கும் கை தயங்கும். அது போதுமே.

ஆனால் அவரை உண்மையில் நொறுக்கியது சுஹைலின் பாராட்டுதான். பண்ணைக்கு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சயீத் எல்லாம் சொன்னான். என் மானத்தைக் காப்பாத்திட்டே கரீம். நீ நல்ல ஆள்."

"நான் வச்சிருந்தா அனுப்பியிருப்பீங்களா?"

சுஹைல் சிரித்தார். "திட்டியிருப்பேன். ஒரு மாசம் பேசியிருக்க மாட்டேன். உன்னை அனுப்பிட்டு நான் என்ன செய்ய? மாட்டுக்கு உன் குரல்தானே தெரியும்?"

கார்மேகத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. இத்தனை வருடம் தன்னைக் குனிய வைத்தது இவ்வளவுதானா என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. மறு வாரமே போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டார். சுஹைல் கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நாகவள்ளி விமானத்தில் அவர் கையை விடவே இல்லை.

ஆனையூரணியில் இரண்டு கறவை மாட்டோடு மறுபடி தொடங்கினார். 2006 உள்ளாட்சித் தேர்தலில் மாவட்டக் கவுன்சிலர் பதவிக்கு ஒரு கட்சி அவரை நிறுத்தியது. காரணம், அவருக்கு விரோதி இல்லை என்பதுதான்; அந்தக் காரணத்தை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். ஜெயித்தார். முதல் கூட்டத்திலேயே, தன் பகுதியில் கால்நடை டாக்டர் வராமல் மாடுகள் சாவதைப் பற்றி எழுந்து கேட்டார். கேள்வி கட்சிக்கு வேண்டப்பட்ட ஒருவரைத் தொட்டது. மேடையிலிருந்து சொந்தக் கட்சியின் மாவட்டத் தலைவரே கண்ணைக் காட்டி, உட்காரும்படி கையை அசைத்தார். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த தடவை சீட்டு கிடைக்காது என்று காதருகே ஒருவர் சொன்னார்.

அது வெறும் மிரட்டல் இல்லை, நிஜமாகவே கிடைக்காது என்று கார்மேகத்துக்குத் தெரியும். பயம் இம்மியும் குறையவில்லை. உள்ளங்கால் வியர்த்துச் செருப்பு வழுக்கியது. குரல் இரண்டு தடவை உடைந்தது. உடைந்த குரலிலேயே அதே கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்டார், பதில் வரும் வரைக்கும் உட்காரவில்லை.